ஆவி பிடித்தவர்களுக்கு ஓர் உரை

ஊரில் அவரைப் பேய் வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கல்லூரியில் நாட்டுப்புறவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற மனிதர். வாழ்நாளில் பாதியைப் பேருந்து நிலையங்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் உட்கார்ந்து, "உங்க பக்கம் பேய் ஏதாவது உண்டா?" என்று விசாரித்தே கழித்தவர். லாரி ஓட்டுநர், பிணவறைக் காவலாளி, யாரையும் விட்டதில்லை. வாய்க்கால் திருப்பத்தில் தீப்பெட்டி கேட்கும் வெள்ளைச் சட்டைக்காரன், தூங்குகிறவர்களின் கால் கட்டைவிரலில் இரத்தம் குடிக்கும் நூற்பாலைக் காட்டேரி என்று ஒரு பட்டாளமே அவர் கைவசம் இருந்தது. ஆனால் பேயை நம்புகிறீர்களா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "பேய் கிடையாது, பேய்க்கதைதான் உண்டு" என்று ஆரம்பித்து உங்கள் உயிரை வாங்கிவிடுவார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நூலகத்தின் மாடி ஹாலில் அவருடைய சொற்பொழிவு. ஓய்வுக்குப் பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தொடக்கத்தில் கூட்டம் வந்தது. போகப்போக ஹால் காற்று வாங்கியது. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மின்விசிறிக்கு அடியில் தூங்க வரும் பழைய தபால்காரர் ஒருவர், மைக்செட்காரர் இன்னொருவர். மைக்செட்காரர் எழுந்து போக முடியாது, மைக் அவருடையது.

மனைவி ஒருநாள்கூட வந்ததில்லை. அதுதான் வாத்தியாருக்கு ஆறாத வருத்தம். அந்த அம்மாள் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் நர்ஸ், ஊருக்கே சிஸ்டர். ஒரு அதட்டலில் வரிசையை நேராக்கிவிடும் குரல். ஆனால் வாத்தியார் சமையலறை வாசலில் நின்று பேச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கினால் போதும், "எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்குங்க" என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார். தன் ஆராய்ச்சி அவளுக்கு இளக்காரம் என்று வாத்தியார் முடிவுகட்டி வெகுகாலம் ஆகிறது.

இந்த நிலையில்தான் நூலகர் ஒருநாள் கூப்பிட்டு, தலையைச் சொறிந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கீபோர்டு கிளாஸ்காரங்க ஹாலைக் கேக்குறாங்க. இந்தத் தடவை நாற்காலி நிறையலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வாத்தியார் விடவில்லை. அன்றே உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினார். மேலே கொட்டை எழுத்தில், "ஆவி பிடித்தால்?" கீழே சின்ன எழுத்தில், "வட்டாரக் கதைகளில் பேய்களும் இரத்தக் காட்டேரிகளும்." நூலகருக்கோ ஒரு வியாதி. கண்ணில் பட்டதிலெல்லாம் முத்திரை குத்துவார், நாள்காட்டிகூடத் தப்பியதில்லை. நோட்டீஸ்களையும் வாங்கி ஒன்றுவிடாமல் குத்தித் தள்ளினார். வட்டமான கறுப்பு முத்திரை அத்தனையிலும் சரியாக இரண்டாவது வரியின் மேல் போய் உட்கார்ந்தது. அந்தக் கட்டு வீட்டு மேசையில் கிடந்ததைப் பார்த்த சிஸ்டர், "குப்பையாட்டம் கிடக்குது, கிளினிக்குல வெச்சிடறேன்" என்று படித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துப்போய் மருந்துச் சீட்டு கொடுக்கும் இடத்தில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குள் நுழைந்த வாத்தியார் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரருக்கே இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் கழுத்தில் மஃப்ளர், கையில் கைக்குட்டை. மழைக்காலம், பாவம், அதையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறார்களே என்று அவருக்குத் தொண்டை அடைத்தது. தொண்டை அடைத்தவர்கள் எதிரில் நிறையவே இருந்தார்கள்.

"ஆவி பிடிக்கிறதுன்னா என்னன்னு முதல்ல பார்ப்போம்" என்றார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே இப்படி ஒரு கவனம்! அதற்குள் முன்வரிசையில் ஒரு அம்மாள் கையைத் தூக்கினார்.

"சார், வாரத்துக்கு எத்தனை தடவை பிடிக்கலாம்?"

"அது ஆளைப் பொறுத்ததும்மா. உடம்பு பலவீனமா இருந்தா அடிக்கடி பிடிக்கும்னு சொல்றாங்க."

"போர்வையைப் போத்திக்கிட்டுத்தானே?"

"பின்னே? எல்லாக் கதையிலயும் முதல்ல போர்வைக்குள்ளதான் போறாங்க."

"கண்ணை மூடிக்கணுமா சார்?" இது ஒரு கண்ணாடிக்காரர்.

"மூட முடியாதுங்க. அதான் அதோட சக்தியே. திறந்து பார்த்தே ஆகணும்."

"எரியாதா?"

கண் எரிவதாக அவருக்குக் கதை தந்த எவரும் சொன்னதில்லை. பேய்க்கதையில் புது வழக்கு! வாத்தியார் பேனாவைத் தேடினார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு தடித்த, அடைத்த குரல் கேட்டது. "தைலம் தண்ணி கொதிக்கும்போதே விடணுமா, இறக்கிட்டு விடணுமா?"

பேயறைந்தது போல என்று சொல்வோமே, அந்தத் தொடரைப் பற்றி ஒருமுறை முழு நீளச் சொற்பொழிவே நிகழ்த்தியவர் அவர். இன்றைக்குத்தான் அதன் பொருளை நேரில் அனுபவித்தார். வாசலில் நூலகர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். இறக்கிட்டு விடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் ஹால் அவருடையது. ஆசை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருடத்தில் மேடையில் அவர் பொய் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, வைத்தியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு வீட்டில் அந்த நர்ஸ் முகத்தில் விழிக்க முடியாது.

"மன்னிக்கணும்" என்றார். "நான் பேச வந்தது அந்த ஆவி இல்லீங்க. செத்தவங்க ஆவி."

ஹாலில் ஒரே சலசலப்பு. "என்னய்யா இது, மழையில வரவெச்சு விளையாட்டா?" நாற்காலிகள் கிறீச்சிட்டன. மஃப்ளர்கள் எழுந்தன. நூலகரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எல்லாம் முடிந்தது என்று வாத்தியார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"உட்காருங்க எல்லாரும்! டோக்கன் கூப்பிடாம யாரு எழுந்திருக்கச் சொன்னது?"

அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். வாசலில் சிஸ்டர், ஒரு கையில் சொட்டும் குடை. யாரோ ஒரு நோயாளி போன் போட்டு, "உங்க வீட்டுக்காரர் ஆவி பிடிக்கக் கத்துக்கொடுக்குறாராமே, பாத்திரம் கொண்டு போகணுமா?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தார். நேரே மேடைக்கு வந்து கணவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். அடுப்பை அணைக்காம பிடிக்காதீங்க, சின்னப் பிள்ளைங்களைக் கொதிக்கிற தண்ணிகிட்டயே விடாதீங்க, கண்ணை மூடிக்கோங்க, மிச்சத்தை டாக்டரைக் கேளுங்க என்று மளமளவென்று முடித்தார்.

"இப்ப அவர் பேசுவார். மூக்குதானே அடைச்சிருக்கு, காது நல்லாத்தானே கேக்குது? கேட்டுட்டுப் போங்க."

மழை வேறு வலுத்துவிட்டது. கேட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் தீப்பெட்டி கேட்ட இடத்தில் கண்ணாடிக்காரர் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். ஆனால் முதல் கதை தொடங்கியதுமே சிஸ்டர் எழுந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டதை வாத்தியார் பார்த்தார். பேச்சு நன்றாகப் போயும் மனசு அங்கேயே கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் நூலகர் ஓடிவந்தார், வாத்தியாரிடம் இல்லை. "சிஸ்டர், மாசாமாசம் நீங்களே வந்து பேசுங்களேன். ஹால் உங்களுக்குத்தான்!" வாத்தியார் குனிந்து மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினார். அது அவர் வேலையே இல்லை.

"நான் முதல்ல கொஞ்சம் மூக்கைப் பத்திச் சொல்றேன். அப்புறம் அவர் பேசணும். அவருக்கு ஹால் இல்லேன்னா நானும் இல்ல" என்றார் சிஸ்டர். நூலகர் சந்தோஷத்தில் முத்திரையைத் தேடினார்.

மழை விட்டு, தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் இருவரும் நடந்தார்கள். வாத்தியாரால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, நான் ஆரம்பிச்சதும் வெளியே போயிட்டியே. என் பேச்சு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மோசமா? பயமா இருக்குங்க!"

"என்னது?"

"கல்யாணமான புதுசுல கட்டைவிரல்ல ரத்தம் குடிக்கிற கதையைச் சொல்லிட்டு நீங்க பாட்டுக்குக் குறட்டை விட்டீங்க. அன்னையிலருந்து நான் போர்வைக்கு வெளியே காலை நீட்டினதில்ல. நீங்க ஒத்திகைன்னு ஆரம்பிச்சா, காதுல விழக் கூடாதுன்னுதான் பாத்திரத்தை உருட்டுவேன்."

கோடை வெக்கையிலும் அவள் கால்களைச் சுருட்டிப் போர்த்திக்கொண்டு படுப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. குளிர் தாங்காத உடம்பு என்று நினைத்திருந்தார். ஊரெல்லாம் பேசி ஒருத்தரைக்கூட விழித்திருக்க வைக்க முடியவில்லையே என்று ஏங்கிய மனிதர்! வெட்கமாகவும் இருந்தது, சொன்னால் தப்பு, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வாய்க்கால் திருப்பம் வந்தது. சிஸ்டர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது வெறும் கதைம்மா" என்றார் வாத்தியார்.

"அதை மைக்குல சொல்லுங்க. இப்ப கையை விடாதீங்க."