அண்ணை சொன்ன மழை

வானத்தில் சுற்றும் செய்மதி மழையைப் பார்ப்பதில்லை; மேகத்தைப் பார்த்து மழையை ஊகிக்கிறது. எங்கள் ஊர்க் கலியாணத் தரகர்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தும், மாரி மழையை நம்பி நெல் விதைக்கும் அந்தக் காலபோகத்தில் நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடினேன். செய்மதி சொல்லும் மழையைக் கணினிக்குக் கொடுத்தால், வயல் மண்ணில் எவ்வளவு ஈரம், எப்போது விதைக்கலாம் என்று என் கணக்குச் சொல்லிவிடும்.

கணக்குச் சரியா என்று பார்க்க வட்டக்கச்சியில் நெல் விதைக்கும் ஒரு கமக்காரரின் வீட்டு வளவில் மழைமானி ஒன்றை நட்டேன். எனக்கு அவர் அண்ணை, அவருக்கு நான் மிஸ். தினமும் காலையில் கிளிநொச்சியில் என் அலுவலகத்திலிருந்து அழைப்பேன்.

"அண்ணை, செய்மதி பன்னிரண்டு மில்லிமீற்றர் எண்டு சொல்லுது. உங்கட மானியில எவ்வளவு?"

"ஓம் மிஸ், பன்னிரண்டுதான். பதின்மூண்டாயும் இருக்கும்."

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், இப்படியே போனது. செய்மதியும் அண்ணையும் ஒருநாள்கூட முரண்படவில்லை. எனக்குத் தலைகால் தெரியவில்லை. கமக்காரர் கூட்டத்தில் எழும்பி, மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விதைக்கலாம் என்று அடித்துச் சொன்னேன். ஒருவர், "எங்கட பக்கம் தூறல்தானே" என்று முனகினார். "அண்ணையின்ர மானி பொய் சொல்லுமே?" என்று அவர் வாயை அடைத்தேன். அண்ணை ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

வியாழக்கிழமை, என் அறிக்கைக்கு மானியைப் படம் எடுக்கப் போனேன். மானியின் புனலைக் காணவில்லை. அது குசினியில், அடுப்படியில் இருந்தது. அண்ணையின் மனைவி அதை வைத்துப் போத்தலுக்குள் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தா. மானிக்குள் எறும்பு குடியிருந்தது.

"இதை எப்ப கழட்டினது, அண்ணை?"

"முதல் கிழமையே."

"அப்ப பன்னிரண்டு, பதினெட்டு எண்டு சொன்னதெல்லாம்?"

"நீங்கள் ஆசையாக் கேக்கிறியள். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? பரந்தன் பக்கம் வானம் கறுத்துத்தான் கிடந்தது, மிஸ்."

கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பசித்த வயிற்றோடு "சாப்பிட்டிட்டன்" என்று சொல்லும் ஊரில் பிறந்த நான், பதிலையும் சேர்த்தே கேள்வி கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் முற்றத்தில் நின்ற உழவு மிசினின் இழுவைப் பெட்டியைப் பார்த்தேன். நாளைய விதைப்புக்கு மூட்டைகள் ஏறியிருந்தன. அவரிடம் இருந்த விதைநெல் அவ்வளவும் அதுதான். தூறல் ஈரத்தில் முளைத்து அடுத்த வெயிலில் கருகினால் அந்தப் போகமே போச்சு. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஈரம் இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் ஏத்தினனீங்கள்?"

"கூட்டத்தில சொல்லிப்போட்டியள். நானே விதைக்காட்டி, சனம் உங்களையெல்லே பகிடி பண்ணும்."

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.

"இறக்குவம். மிசின் பழுது எண்டு சொல்லுவம், மிஸ். உங்கட பேர் கெடாது."

நான் அங்கேயே நின்று கமக்காரர் சங்கச் செயலாளருக்கு அழைத்தேன். "என்ர கணக்குப் பிழை. ஒருத்தரையும் நாளைக்கு விதைக்க விடாதேங்கோ."

அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. "மிசின் எண்டே சொல்லியிருக்கலாம்" என்று முனகியபடி முதல் மூட்டையை இறக்கினார்.