டோக்கன் இல்லன்னா சாமான் இல்ல

1. ஜன்னல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டூல் கிரிப்பின் ஜன்னலைப் பார்த்ததுமே இது எனக்கென்றே கட்டிய இடம் என்று முடிவு செய்துவிட்டேன். டூல் கிரிப் என்பது தொழிற்சாலையில் கருவிகளை வைத்திருந்து கொடுத்து வாங்கும் அறை. கம்பி வலை போட்ட ஜன்னல், அதற்குக் கீழே நெஞ்சளவுக்குப் பலகை அடித்த கவுன்ட்டர். வெளியே நிற்பவருக்கு என் முகம் தெரியும், சட்டைப் பை தெரியும். கால் தெரியாது.

எனக்கு இடது காலில் சின்ன வயதிலேயே போலியோ. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல் பட்டையுமாக ஒரு கேலிப்பர் போட்டிருக்கிறேன். இந்தக் குறைக்கு அரசாங்கம் பல முறை பெயர் மாற்றிவிட்டது. கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவேன், மாலையில் எல்லோரும் போன பிறகு எழுந்திருப்பேன். அதனால் எங்கள் மிஷின் ஷாப்பில் பாதிப் பேருக்கு நான் நடந்து பார்த்த ஞாபகமே இருக்காது. கடமை தவறாதவர் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் வந்தது இப்படித்தான்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் ராஜா. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பித்தளை டோக்கன்கள் உண்டு. டோக்கனைக் கொடுத்தால் கருவி, கருவியைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன். ஒரு முறை ஃபிட்டர் முனிரத்தினம் டோக்கன் இல்லாமல் வந்து நின்றான். எங்கள் ஊரிலேயே ஸ்கெலட்டன் என்கிற பகுதிக்காரன், என் வயதுதான். அவசர வேலை, டயல் கேஜ் வேண்டும், பின்னால் ஃபோர்மேன் கத்திக்கொண்டிருக்கிறார்.

"டோக்கன் எங்கயோ விழுந்துட்சு கோதண்டம். குடுப்பா, சாயங்காலம் தேடித் தரேன்."

"டோக்கன் இல்லன்னா சாமான் இல்ல. தேடிட்டு வா."

லேத் மிஷின் அடியில் குவிந்திருந்த இரும்புச் சீவலையெல்லாம் கையால் கிளறித் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். விரலில் ரத்தம். நான் டோக்கனைத் துடைத்துவிட்டு ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு பல மாதம் அவன் என்னோடு பேசவில்லை. விதியைக் காப்பாற்றிவிட்டதாக நான் பெருமையாக இருந்தேன். அந்த வாக்கியம் என் பட்டப் பெயராகவே ஆகிவிட்டது. கேன்டீனில் எனக்கு முன்னால் யாராவது வடையை எடுத்தால்கூட, பின்னாலிருந்து ஒரு குரல் அதைச் சொல்லும்.

2. ஸ்வீட் பாக்கெட்

எங்கள் டிபார்ட்மென்ட்டில் வருஷத்துக்கு ஒரு டூர் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஃபோர்மேன் எத்திராஜ் ஜன்னலுக்கு வந்து ஒரே வசனத்தைச் சொல்வார்.

"கோதண்டம், உங்களுக்குக் கஷ்டம். அங்கல்லாம் ரொம்ப நடக்கணும், ஏறணும். உங்க பங்கு ஸ்வீட் பாக்கெட் வந்துடும்."

"ஆமாங்க சார், எனக்கும் வீட்டுல வேலை இருக்குது" என்று நானும் என் வசனத்தைச் சொல்வேன். வீட்டில் ஒரு வேலையும் இருக்காது. நடப்பது எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை, ஊர் முழுக்க நடந்துதான் போகிறேன். இத்தனை பேரும் ஜன்னல் இல்லாமல் என்னைப் பார்ப்பார்கள், அதுதான் கஷ்டம்.

ரிடையர் ஆக இருந்த வருஷம் பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க் என்று முடிவானது. எத்திராஜ் வசனம் சொல்ல வருவதற்கு முன்னால் முனிரத்தினம் வந்து செல்போனை ஜன்னல் வழியாக நீட்டினான். வளைந்து வளைந்து போகிற ஒரு வாய்க்கால். அதில் ரப்பர் டியூபுக்குள் உட்கார்ந்து ஜனங்கள் மிதந்து போகிறார்கள்.

"லேசி ரிவராம். இதுல நடக்கவே வேணாம்பா. தண்ணியே இட்டுக்கினு போவும்."

இதில் நான் விழுந்துவிட்டேன். எங்களுடையது ஒரு காலத்தில் சுரங்கம் தோண்டித் தங்கம் எடுத்த ஊர், ஆனால் ஆறு கிடையாது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடம் நிறைந்தால் அதுவே பெரிய விஷயம். அறுபதை எட்டப் போகிற எனக்கு, பக்கெட்டில் இருக்கிற தண்ணீரை விட அதிகமான தண்ணீருக்குள் உடம்பை இறக்கிப் பழக்கமே இல்லை. ஒரே ஒரு முறை அப்படி மிதந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பெயரைக் கொடுத்தேன். எத்திராஜ் ஸ்வீட் பாக்கெட் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்.

3. வெளியே போகும் வழியாக உள்ளே

பார்க்கில் முதலில் எல்லோரும் ஓடியது கப்பல் ஊஞ்சலுக்கு. பெரிய கப்பல், முன்னும் பின்னும் வானத்துக்கு ஆடும். அதற்குமுன் கம்பித் தடுப்புக்குள் பாம்பாக வளைகிற வரிசை. நானும் நின்றேன். மற்றவர்களைப் போல நானும் நிற்கிறேன் என்று காட்டுவதுதான் என் திட்டம். முக்கால் மணி நேரத்தில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் தீ பிடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கப்பலின் வெல்டிங்கை ஆராய்வதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பலுக்குப் பக்கத்தில் விசில் வைத்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கவனித்துவிட்டாள். இறங்கி வந்து, "அங்கிள், பேண்ட் தகொண்டில்வா?" என்று, கைப்பட்டை வாங்கவில்லையா என்பதைக் கன்னடத்தில் கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "ஹேண்டிகேப் கார்டு இருந்தா கவுன்ட்டர்ல காட்டுங்க. பேண்ட் கட்டுவாங்க. நீங்க க்யூல நிக்கத் தேவையில்ல. உங்ககூட ரெண்டு பேர் வரலாம்."

கார்டு என் பையில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா" என்றேன். அதைச் சொல்லி முடிக்கிறபோதே முழங்கால் மடங்கி முன்னால் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டேன். அதற்குமேல் வாதாட முடியவில்லை.

கையில் நீல நிறப் பட்டை கட்டினார்கள். எக்ஸிட் என்று போட்ட வழியாக உள்ளே விட்டார்கள். வரிசையில் நின்ற ஒருவர், "நல்லாத்தானே நடக்கறாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. ஆயுள் முழுவதும் யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். சொன்ன நாளில் பார்த்து எனக்குப் பிடிக்கவில்லை.

4. கப்பல் ஊழியம்

என்னோடு இரண்டு பேர் வரலாம் என்ற செய்தி எங்கள் ஆட்களிடம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் வந்தவர் எத்திராஜ்.

"கோதண்டம், உங்களத் தனியா வுடக்கூடாது. நான் கூட வரேன்." இத்தனை வருஷமாக என்னைத் தனியாகவே விட்டுவிட்டுப் போன மனிதர்.

அவர் பின்னால் அப்ரன்டிஸ் பையன்கள், வெல்டர்கள், கிரேன் ஆப்பரேட்டர். எல்லோருக்கும் என் மேல் ஒரே அக்கறை. ஒருத்தன் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டான். இன்னொருத்தன் எனக்கு விசிறினான். தள்ளுமுள்ளு ஆகிவிட்டது.

இந்த இடத்தில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. டூல் கிரிப் சாவிக்கொத்தில் நம்பர் அடிக்காத உதிரி டோக்கன்கள் சில எப்போதும் கோத்திருக்கும். அவற்றைக் கழற்றினேன். நிழலில் ஒரு சிமென்ட் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"வரிசையா நில்லுங்க. டோக்கன் வெச்சிருக்கறவன் என்கூட வரலாம். இறங்கினதும் டோக்கனைக் குடுத்துடணும். அப்பறம்தான் அடுத்த ஆளு."

வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஒரு பட்டை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வரிசையை உண்டாக்கினேன். அது வேறு யாருக்கும் வந்திருக்காத யோசனை என்று அப்போது பூரித்துப்போனேன்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பட்டை கட்டியவர் ஏறினால்தான் கூட வருபவர் ஏறலாம். ஆகவே, ஒவ்வொரு ஜோடிக்கும் நானும் ஏற வேண்டும். முதல் முறை கத்தினேன். இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு காலையில் சாப்பிட்ட புளியோதரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. விசில் பெண் ஒரு கட்டத்தில், "அங்கிள், கப்பல் அஷ்டு இஷ்டமா?" என்று, அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டாள். உயிர் என்றேன். வாயைத் திறந்து அதற்கு மேல் பேச பயமாக இருந்தது.

இடையில் ஒருத்தன் கேட்டான். "அண்ணா, நீங்க லேசி ரிவருக்குப் போவணும்னீங்களே?"

"இருப்பா. இவங்கள்லாம் முடிக்கட்டும்."

உண்மையில், காலையிலேயே நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தண்ணீரில் இரும்பு கூடாது என்று போர்டு. கேலிப்பரைக் கழற்ற வேண்டும். வாடகைக்குக் கொடுக்கிற நைலான் உடையும் அரைக்கால் டவுசர்தான். கல்யாணமான புதிதில், விளக்கை அணைத்த பிறகுதான் என் மனைவிகூட அந்தக் காலைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தவன் நான். ஊர் முழுக்கப் பார்க்க எப்படி?

5. லேசி ரிவர்

தண்ணீர் சவாரிகளைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள் போலிருக்கிறது. மைக்கில் அறிவிப்பு வந்தது. என் பெஞ்சுக்கு முன்னால் இன்னும் வரிசை நின்றது. முனிரத்தினம் அந்த வரிசையில் காலையிலிருந்து ஒரு முறைகூட நின்றிருக்கவில்லை. இப்போது வந்து என் முன்னால் நின்றான்.

"காலைலேந்து பாத்துக்கினு கீறேன். ஊரையே கப்பல்ல ஏத்திவுட்டுட்ட. நீ இன்னாத்துக்கு வந்த?"

"பசங்க காத்துக்கினு இருக்காங்க முனி."

"பசங்களுக்கு இன்னா, நாளைக்குக்கூட வருவாங்க. இங்கயும் ஒரு கவுன்ட்டரு போட்டுக்கினு அது பின்னாடி உக்காந்துக்கினு கீற நீ. எழுந்திரு."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது உண்மை என்பதால் அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க, செருமிக்கொண்டு எழுந்தேன்.

லேசி ரிவர் ஓரத்தில் ஒரு பெஞ்சு. அரைக்கால் டவுசரோடு அதில் உட்கார்ந்து பக்கிளைக் கழற்ற ஆரம்பித்தபோது, டோக்கன் வரிசை மொத்தமும் பின்னாலேயே வந்து நின்றுவிட்டது. கடைசிப் பட்டையை அவிழ்த்துக் கேலிப்பரை வெளியே எடுத்தேன். என் கால், தேய்ந்த தடி மாதிரி, வெயிலில் கிடந்தது. யாராவது 'ஐயோ பாவம்' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

வெல்டர் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணா, இதை எவன் வெல்டு பண்ணான்? வெல்டு வரி ஒழுங்கா இல்லியே."

எத்திராஜ் கேலிப்பரைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இன்னாய்யா இவ்ளோ வெயிட்டு? அலுமினியத்துல பண்ணா பாதிதான் வரும்."

"சார், முட்டி லாக்கைப் பாருங்க. பின்னு தேஞ்சு ஆடுது" என்றான் இன்னொருத்தன். "திங்கக்கெழமை கொண்டாங்கண்ணா, புதுப் பின்னு போட்டுடலாம்."

ஏழெட்டுத் தலைகள் கேலிப்பர் மேல் கவிழ்ந்துவிட்டன. புஷ் போட வேண்டுமா, ரீமர் ஓட்ட வேண்டுமா என்று சண்டை. என் காலை ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக ஜன்னலுக்குப் பின்னால் நான் காத்து வைத்த ரகசியம் இவர்களுக்குக் கண்ணில் படவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

முனிரத்தினம் அவர்களிடமிருந்து கேலிப்பரை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். பெஞ்சின் மேல் நான் வைத்திருந்த டோக்கன்களில் ஒன்றை எடுத்து என் கையில் அழுத்தினான்.

"சாமான் என்கிட்ட. திரும்பி வந்து டோக்கன் குடுத்து வாங்கிக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பார்க் ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊழியர் ஒருவர் பிளாஸ்டிக் சக்கர நாற்காலியில் என்னைச் சரிவு வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி டியூபில் ஏற்றிவிட்டார்.

மிதந்தேன். தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. நான் எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு கால்களும் ஒரே மாதிரி மேலே வந்து மிதந்தன. எது நல்ல கால் என்று தண்ணீருக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாள் வராமல் போனோமே என்று என் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு சுற்று முடிந்தது. கரையில் முனிரத்தினம் கேலிப்பரோடு நின்றிருந்தான். மற்ற கையை நீட்டினான்.

"டோக்கன்?"

"காணோம் முனி. தண்ணில எங்கயோ விழுந்துட்சு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எத்தனை வருஷம் காத்திருந்தானோ.

"டோக்கன் இல்லன்னா சாமான் இல்ல" என்று ஷாப் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான். "தேடிட்டு வா."

கரையிலிருந்தே காலால் என் டியூபை ஒரு உதை விட்டான். நான் இரண்டாவது சுற்றுக்குப் போனேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கையில் கார்டை வைத்துக்கொண்டு காட்ட வெட்கப்பட்டால், அவர்களுக்கு நான் சொல்வது இது: கவுன்ட்டருக்குப் போனதும் காட்டிவிடுங்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு முதலில் உங்களுக்கு வேண்டிய சவாரிக்குப் போங்கள், கப்பலுக்கு ஆட்களை அப்புறம் ஏற்றலாம். எனக்குப் பிறகு டூல் கிரிப் ஜன்னலில் உட்காரும் பிள்ளைகளுக்கும் ஒன்று உண்டு. டோக்கன் தொலைந்துவிட்டது என்று எவன் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள். என்னுடையது அன்று முழு நேரமும் என் உள்ளங்கையில்தான் இருந்தது.