ஜீப்பில் கரும்புக்கு இடம்

உத்திரமேரூர் கடைத்தெருவில் டீ குடிக்க நிற்கிறோம். எங்கள் சர்வே ஜீப்பில் விரல் நுழைய இடமில்லை. எல்லாம் டிரைவர் ஆறுமுகம் பட்டாளத்தில் கற்ற அடுக்கு. ஸ்டவ் பெட்டி சீட்டுக்குப் பின்னால், மண்வெட்டி அதன் முதுகில், கூடாரக் கழிகள் இடப்பக்கம் நீளவாக்கில். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

தோகையோடு கரும்புக் கட்டும் புதுப்பானையுமாக ஒரு குடியானவர் வருகிறார். நாங்கள் ராஜகுளம் போவதை டீக்கடையில் கேட்டிருக்கிறார்.

“பொண்ணுக்குத் தலைப்பொங்கல் சார். கரும்ப வெட்டிக்கினு வந்தாத்தான் பஸ்ஸுல ஏத்துவேன்றான். வரிசைக் கரும்ப வெட்டலாமா?”

ஆறுமுகம் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். பிறகு கூடாரக் கழிகளை அவிழ்த்து டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, அந்த இடத்தில் கரும்பைக் கட்டுகிறார். பெரியவர் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டவ் பெட்டிமேல் உட்காருகிறார்.

“கூடாரம்?” என்கிறேன்.

“பொங்கலும் அதுவுமா நம்மள எவன் சார் வெளிய படுக்க வுடுவான்?”

ஜீப் கிளம்புகிறது. தோகை என் கழுத்தில் உரசுகிறது. அக்கா வீட்டுக்கு அப்பா இப்படித்தான் முழுக்கரும்பைத் தோளில் சுமந்து நடப்பார். பின்னால் நான் பானையோடு ஓடுவேன்.

அப்பா போன பிறகு, நான் மணியார்டர் அனுப்புகிறேன்.