வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

எனக்குப் பொறுமை கம்மி. மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். அடையாறில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில் கட்டணம் வாங்காமல் உட்காருவேன். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து அவள் வந்தது அங்கேதான்.

முப்பது வயதுகூட இருக்காது. மீன்பிடிக்கப் போன புருஷன் திரும்பாமல் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் இவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாளாம். பிள்ளை தெருமுனை திரும்பும்வரை கையை எடுக்க மாட்டாளாம். கொஞ்ச நாளாகப் பிள்ளை வீட்டில் இருக்கும்போதும் அதனுடன் பேச்சு வரவில்லை. வகுப்பு டீச்சர்தான் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பியிருந்தார்.

கதை இதுதான். காய்ச்சலில் படுத்திருந்த புருஷன் விடியற்காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டியபோது, இவள் தூக்கக் கலக்கத்தில் 'எங்க போற?' என்று கேட்டுவிட்டாள். கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது என்பது நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் கடலுக்குப் போகிறவரை. அன்று அலையில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அவர் சேரவில்லை. கேள்வி மாமியார் காதில் விழுந்திருந்தது. கரிநாக்கு என்று அவர் சொன்னார், அப்புறம் தெருவே சொன்னது.

நான் படித்த சிகிச்சையில் இதற்கு வழி உண்டு. ஒரு எண்ணம் ஆளை வாட்டினால், அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன என்று அவரையே கேட்டுச் சோதிக்க வைக்க வேண்டும். வைத்தேன். பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். படித்தவர்கள் முன்னால் நம் ஆட்கள் சொல்லும் 'சரி மேடம்' இருக்கிறதே, அதற்கு 'உங்களோடு யார் மல்லுக்கட்டுவது' என்றுதான் பொருள். ஊர் தப்பாக நினைக்கிறது என்பது உங்கள் கற்பனையாக இருக்கலாமே என்றேன், புத்தகத்தில் உள்ளபடி. நினைக்கவில்லை, மூஞ்சிக்கு நேராகவே சொல்கிறார்கள் என்றாள். அத்தோடு அந்தப் பக்கத்தை மூடினேன்.

மிச்சம் இருந்தது பரிசோதனை. யாராவது கிளம்பும்போது வேண்டுமென்றே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். சொன்னதும் அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க வூட்ல கேப்பீங்களா மேடம்?"

இதில் என்ன இருக்கிறது, கேட்பேனே என்றேன். மறுநாள் காலை என் மகன் நந்தனத்தில் இருக்கும் ஆபீசுக்குப் போக ஹெல்மெட்டை எடுத்தான். வாசலில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். 'பார்த்துப் போயிட்டு வா' என்றுதான் வந்தது. ஊருக்குத்தான் உபதேசமா என்று என் கணவர் உள்ளேயிருந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவளிடம் என்னால் முடியவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. யாராலும் முடியாது என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் நான் எண்ணத்தோடு வாதாடுவதை விட்டேன். அந்த எண்ணம் அவள் தலைக்குள் தனியாக இல்லை, வீடு முழுக்க இருக்கிறது. அப்படியென்றால் வீட்டைத்தான் கூப்பிட வேண்டும். மாமியாரை அழைத்து வரச் சொன்னேன்.

அவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். ஒரு நாள் காலை, மீன் நிரம்பிய அன்னக்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மருமகள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் சட்டென்று என்னிடம் சொன்னார். அன்று மகன் தானாக எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது, இன்னும் எத்தனை நாள் படுத்திருப்பாய் என்று திட்டி எழுப்பியது அவர்தான். அது மருமகளுக்குத் தெரியாது. நானும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் பாரத்தைத் தூக்கி அந்தப் பெண் தலையில் வைத்துவிட்டு ஊர் முழுக்கக் கரிநாக்கு என்று சொல்லியிருக்கிறார். நான் இத்தனை வாரம் தேடிய எதிர் ஆதாரம் கையில் கிடைத்தும், அதை எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இவள் அந்தக் கேள்வியை யாரையாவது கேட்டாக வேண்டும், பிள்ளையைக் கேட்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்றேன். அவர் எழுந்து வெளியே போய்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"இன்னாமே பாத்துகினு கீற? என்னியக் கேளு. போனா நான் போறேன், கெயவிதானே."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டி அழுதாள். அவர் நகரவே இல்லை. கடைசியில், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "எங்க போற அத்தை?" என்றாள். மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு அவர் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை, கூடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களை வேறு நாள் வரச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்தேன். கேள்விக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயந்தேன். எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மதியம் சாய்ந்த பிறகு காலிக் கூடையோடு மாமியார் வந்து இறங்கினார். அவள் ஓடிப்போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டதால சாவல, சரி. அப்ப ஒடம்பு சரியில்லாத மனுசன் அன்னிக்கு இன்னாத்துக்கு மேடம் எழுந்து போனாரு?"

என்னிடம் இருந்த பதிலைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. மாமியார் கூடையைக் கீழே இறக்கினார்.

"நான்தான்மே எழுப்பிவுட்டேன்."

அவளுக்குப் பேச்சு வர வேண்டும் என்றுதானே நான் பாடுபட்டேன். வந்தது. தெருவில் நின்று, ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் மாமியார் முகத்தைப் பார்த்துக் கத்தினாள். அவர் கூடைக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வந்து பக்கத்தில் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை.