அவன் சாப்பிட்ட கத்திரிக்காய்

திருமுடிவாக்கம் லேத் பட்டறையில் நானும் அவனும் ஒன்றாக வேலை. பம்மலில் ஒரே அறை. ஊருக்கு நாங்கள் நண்பர்கள். கதவைச் சாத்தினால் புருஷன் பெண்டாட்டி மாதிரிதான். அவனுக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. எனக்கு உயிர். அவனுக்காக வாங்குவதையே விட்டிருந்தேன்.

அவன் அம்மா அழுது அழுதே அவனுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார். அறையை விட்டுப் பெண்டாட்டியோடு தனி வீட்டுக்குப் போனான். விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தவன் மத்தியானம் டப்பாவைத் திறந்தான். எண்ணெய்க் கத்திரிக்காய். என் பக்கம் தள்ளுவான் என்று காத்திருந்தேன். ஒன்று விடாமல் தின்றான்.

“இன்னா மச்சான், கத்திரிக்கான்னா காத தூரம் ஓடுவ. பொண்டாட்டி கைன்னா எறங்குதா?” என்று பக்கத்து மெஷின்காரன் சிரித்தான்.

“நல்லாத்தான் கீது” என்றான், என்னைப் பார்க்காமல்.

சாயங்காலம் நானும் கத்திரிக்காய் வாங்கி வதக்கினேன். தொண்டையில் இறங்கவில்லை. அவள் அதில் என்ன போட்டிருப்பாள் என்றே மனசு ஓடியது.