குழாயடியோடு நின்ற அம்மா

அக்காவுக்கு எரியூட்டியபோது மயானத்தில் நான் இருந்தேன். பெரியப்பா இருந்தார். லயத்து ஆண்கள் அத்தனை பேரும், அக்காவோடு ராணுவத்தில் பணிபுரிந்த நான்கு பெண்களும் இருந்தார்கள். அம்மா இல்லை.

அக்கா பிறந்தது சூரியநெல்லி தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்தார். அன்று பாடையின் பின்னால் நடந்த அக்காவைப் பெரியப்பா குழாயடியில் நிறுத்தினார். எங்கள் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. "ஏன், அப்பா என்னைய வரவேணாம்னாரா?" என்று அழுதுகொண்டே கேட்டார்.

பத்தாவது முடித்ததும் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனார். வேலைக்கு முன்னால் எஸ்டேட் பாதையில் ஓடிப் பழகுவார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாமா கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"என்ன புள்ள, ஆனை வெரட்டுதா?"

"இல்ல மாமா, நாந்தான் அத வெரட்டுறேன்."

அப்படி ஓடித்தான் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் சம்பளத்தில், எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். விடுப்பில் வந்தாலும் அம்மாவின் கூடையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு மலையேறுவார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், வடக்கே மண் சரிந்து அவர்கள் வண்டி பள்ளத்தில் விழுந்தது. அக்கா பெட்டியில் வந்தார்.

அந்த நான்கு பெண்களும் பெட்டியைத் தோளில் ஏற்றி நடந்தார்கள். குழாயடி வந்தும் அம்மா நிற்கவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். படித்தவன் சொன்னால் அம்மா கேட்பார் என்று நினைத்திருப்பார். நான்தான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"போதும்மா. நம்ம வழக்கமில்ல."

"அந்தப் புள்ளைக போகுதுகளேடா?"

"அவங்க பட்டாளத்துக்காரங்கம்மா."

"நான் பெத்தவடா."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. பெரியம்மாவிடம் அவர் கையைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மயானத்தில் பெட்டியின் மேலிருந்த கொடியை மடித்து எடுத்துக்கொண்டு, அந்த நால்வரில் ஒருவர் "அம்மா எவிடே?" என்று மலையாளத்தில், அம்மா எங்கே என்று கேட்டார். தாயின் கையில் கொடுக்கவேண்டும் என்று வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். மரியாதைக்குத் துப்பாக்கி சுட்ட சத்தம் மட்டும் குழாயடிக்குக் கேட்டிருக்கும்.

அக்காவைச் சுமந்து வந்த தோழியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்தாருக்கும், அக்காவின் பெட்டி வந்த வண்டி மலையேறிவர மழையில் பாதையைச் சரிசெய்த தொழிலாளர்களுக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை நானே வாசித்துக் காட்டி மன்னிப்புக் கேட்பேன். இந்த ஓராண்டில் ஒரே ஒரு முறைதான், "எம்புட்டுத் தூரம்டா இருந்துச்சு?" என்று கேட்டார். அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நடந்து எண்ணிவிட்டு வந்தேன். குழாயடியிலிருந்து அக்காவை வைத்த இடம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு காலடி.