கிராங்க் புல்லருக்காக யாரும் பேசவில்லை

எங்கள் வீட்டு ரேழிச் சுவரில், மின்சார மீட்டருக்குக் கீழே, அப்பா ஒரு பலகையை அறைந்து வைத்திருக்கிறார். அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கருவி. கோட்டைக்குள் இருக்கும் இந்தத் தெருவின் மற்ற வீடுகளில் குடையும் பையும் தொங்குகிற இடத்தில், எங்கள் வீட்டில் ஆரக்கம்பியை முறுக்கும் ஸ்போக் கீயும், சங்கிலியின் ஆணியைத் தள்ளும் செயின் பிரேக்கரும், சக்கர அச்சின் இடுக்கில் நுழையும் அளவுக்கு மெலிந்த ஸ்பேனர்களும் தொங்கும். எல்லாம் மலிவானவை, எந்த நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்படாதவை. சைக்கிளைக் கடையில் விட வேண்டிய நிலை வரும்போதெல்லாம், கடைக்காரருக்குத் தரும் கூலிக்குள் அடங்குகிற கருவி ஒன்றை வாங்கி, வேலையைத் தானே முடித்துவிடுவது அப்பாவின் வழக்கம்.

ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர் அவர். வீட்டுக்கு என்ன நிறம் பூசுவது, நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பனவற்றை எல்லாம் அம்மாவின் முடிவுக்கே விட்டவர். பிடிவாதம் என்று அவரிடம் இருந்தது ஒன்றுதான்: மேடும் பள்ளமுமான இந்த நகரத்துக்காகவே வாங்கிய கியர் சைக்கிளை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்.

நான் மேடைப் பேச்சுக்காரி. பள்ளியில் மலையாளத்தில் பேசினேன், கல்லூரியில் ஆங்கிலத்தில் பேசினேன், திருவிழாக்காலப் பட்டிமன்றங்களில் தமிழில் பேசினேன். ஒட்டியோ வெட்டியோ, சீட்டில் எந்தக் கட்சி விழுந்தாலும் அதற்காக நின்று வாதாடப் பயின்றவள். வென்ற மேடைகளே மிகுதி. அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கும் எண்ணமும் இல்லை. நான் வாய் திறந்தாலே அப்பா கேட்பார்: "என்னடீ, இன்னிக்கு எந்தக் கட்சி?"

பள்ளி நாட்களில் ஒருமுறை அவருடைய செயின் பிரேக்கரை எடுத்து என் சைக்கிளின் சங்கிலியைப் பிரிக்கப் போய், ஆணியை வளைத்துவிட்டேன். கருவி மட்டமானது என்று நெடுநேரம் வாதாடினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதுக்கு வாய் இல்லேன்னுதானே அதுமேல பழி போடறே? அதுக்கு வக்கீல் நானாக்கும். டூல் நேராத்தான் இருக்கு. நீ கோணலா வெச்சே." பிறகு, திருகு உள்ள எந்தக் கருவிக்கும் தாம் வைத்திருந்த ஒரே விதியைச் சொன்னார். முதல் சுற்று எப்போதும் வெறும் விரலால் போக வேண்டும். முதல் சுற்றுக்கே ஸ்பேனர் தேவைப்பட்டால், அது கோணலாக ஏறுகிறது என்று பொருள்; நிறுத்திவிட வேண்டும்.

நடுக்குவாதம் வந்தது பிற்பாடு. முதலில் வலது கையின் கட்டைவிரல், அப்புறம் கையெழுத்து, அப்புறம் நடை. நிலைப்படி அருகே வந்ததும் அவருடைய கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அலுவலகத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார்.

ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் அவர் வேறு மனிதர். சுவரில் கையூன்றித் தானே ஏறி, ஒரு மிதி மிதித்துவிட்டால் போதும். தெருமுனைவரை முதுகு நிமிர்ந்து, கை நடுங்காமல், நோய் என்பதே பொய்யோ என்று எண்ணும்படி செல்வார். நரம்பு மருத்துவர் இதைக் கேட்டு வியக்கவில்லை. நடக்கத் தடுமாறுகிற சிலருக்கு மிதிப்பது எளிதாக இருக்கும் என்றார். மிதிப்பது நல்லது, சாலையில் மிதிப்பது நல்லதல்ல, ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கட்டும் என்பது அவர் முடிவு. "நகராத சைக்கிள்ல நான் எங்கே போறது?" என்றார் அப்பா. காலையில் சங்குமுகம் கடற்கரைவரை போய்வருவார். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, கால் இறங்கும்வரை அப்படியே நிற்பார். ஒருவருடைய துணையும் இல்லாமல் அவர் செய்துகொண்டிருந்த கடைசிக் காரியம் அதுதான்.

ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் சாய்ந்து விழுந்தார். முன்னால் போன பேருந்து நின்றிருக்கிறது, பிரேக்கைப் பிடித்திருக்கிறார், பெடலிலிருந்து கால் வரவில்லை. ஓர் ஆட்டோக்காரர் அவரையும் சைக்கிளையும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். "சேச்சீ, வண்டி நின்னு, சாரு நின்னில்லா" என்று, வண்டி நின்றுவிட்டது, சார்தான் நிற்கவில்லை என்று, அவர் அம்மாவிடம் மலையாளத்தில் சொன்னதில் கேலி இல்லை. பேருந்து பின்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பாவின் முழங்கையைக் கழுவி மருந்திட்ட பிறகு, அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்தாள்.

"ஊரெல்லாம் பேசி ஜெயிக்கறியே, அப்பாகிட்டப் பேசு. சைக்கிளை விடச் சொல்லு. எனக்கு அவர் வேணும்டீ."

சீட்டில் விழாத கட்சி அது. அம்மா கையில் கொடுத்த கட்சி. மறுநாள் அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, உங்ககிட்டக் கொஞ்சம் பேசணும்."

"தெரியும். தலைப்பு சைக்கிள். ஒட்டியா, வெட்டியா?"

"வெட்டி."

"நடுவர் யாரு?"

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"நடுவர் இல்லாம பேசினா அதுக்குப் பேர் சண்டை," என்றார். "நானே ஏற்பாடு பண்றேன், கேட்டோ. விழுந்ததுலேர்ந்து பெடல்ல டக்கு டக்குன்னு சத்தம் வரது. உள்ளே பேரிங் போயிடுத்து. ஞாயித்துக்கெழமை ரெண்டு கிராங்கையும் நானே கழட்டி, புதுசு போடறேன். யாரும் தொடப்படாது. போட்டுட்டேன்னா ரோட்டுக்குப் போவேன், நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறக்கப்படாது. முடியலேன்னா நீ பேசவே வேண்டாம். நானே நிறுத்திக்கறேன்."

"இதென்ன சின்னக் கொழந்தையாட்டம் பந்தயம்?" என்றாள் அம்மா, உள்ளிருந்து.

"மதி, போறும். பேசி முடிஞ்சாச்சு," என்றார் அப்பா.

கிராங்க் என்பது பெடலையும் நடு அச்சையும் இணைக்கும் கை. அந்த அச்சின் பேரிங்கை மாற்ற வேண்டுமானால், முதலில் இரு பக்கக் கைகளையும் கழற்றியாக வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்க முடியாது. அதற்கென்றே உள்ள கிராங்க் புல்லரைக் கிராங்கின் திருகுப்பள்ளத்தில் முழுவதுமாக ஏற்றி, அதன் நடுத்தண்டை முறுக்கினால், தண்டு அச்சைத் தள்ளும். கிராங்க் கழன்று வரும். புல்லர் எஃகு, கிராங்க் அலுமினியம். கோணலாக ஏற்றி முறுக்கினால், எஃகு அலுமினியத்தை வழித்துக்கொண்டு வந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவிக்கு எங்கள் பலகையில் மூன்றாவது ஆணி.

ஞாயிறு காலை மாத்திரை போட்டுக்கொண்டு, கை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, முற்றத்துத் தூணில் சைக்கிளைச் சாய்த்து அப்பா உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். அம்மா சமையலறை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இடது கிராங்க் அழகாக வந்தது. மூடியை நெம்பி எடுத்தார், போல்ட்டைக் கழற்றினார், புல்லரை விரலாலேயே கடைசிவரை ஏற்றினார், தண்டை முறுக்கினார். கிராங்க் முனகிக்கொண்டே அவர் மடியில் விழுந்தது. "எதிர்க்கட்சி குறிச்சுக்கட்டும்," என்றார். முகத்தில் கிரீஸும் சிரிப்பும். தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. எந்த மேடையிலும் தோற்க விரும்பியதில்லை நான். அன்று அந்த முற்றத்தில், முழு மனத்தோடு, தோற்றுப்போக விரும்பினேன்.

சங்கிலிப் பக்கம் திரும்பியபோது மாத்திரையின் வேலை முடிந்திருந்தது. கட்டைவிரல் முதலில் ஆடத் தொடங்கியது, மணிக்கட்டு தொடர்ந்தது. புல்லரைத் திருகுப்பள்ளத்தின் வாயில் வைத்தார்; நழுவியது. மறுபடி வைத்தார்; நழுவியது. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வைத்தார். ஏதோ ஒன்றில் பற்றி நின்றது. அது சாய்ந்து நின்றதை நான் பார்த்தேன்.

"அப்பா, ஒரு தடவை வெளியே எடுத்துட்டு..."

"சபையில குறுக்கே பேசப்படாது."

விரலால் திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. பிறகு, என் வாழ்நாளில் அவர் செய்து நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். முதல் சுற்றுக்கே ஸ்பேனரை எடுத்தார்.

அது ஏறியது. தண்டை முறுக்கினார். முதலில் எதிர்ப்பு இருந்தது. அப்புறம், உலர்ந்த அப்பளத்தை ஒடித்தாற்போல் ஒரு சிறிய ஓசை. புல்லர் அவர் கையோடு வந்துவிட்டது. அதன் திருகுப் பற்களில் அலுமினியம் சுருள்சுருளாய்ச் சுற்றிக்கொண்டு பளபளத்தது. கிராங்க் இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்பா அந்தச் சுருள்களை நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மட்டமான டூல்," என்றார். "பல்லே சரியா வெட்டலை. சல்லிசா கெடைக்கறதுன்னு வாங்கினது."

அதே கருவி சற்று முன்னர் அதே கையில் இடது கிராங்கைப் பழுதின்றி எடுத்திருந்தது. மறுப்பதற்கு அதைவிட எளிய வாதம் எந்த மேடையிலும் எனக்கு வாய்த்ததில்லை. ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர். அவர் வைத்த பந்தயத்தை அவருக்கே நினைவூட்டி, அம்மாவின் கட்சியை நான் வென்றிருக்கலாம்.

"ஆமாம்பா," என்றேன். "டூல் சரியில்லை."

அம்மா துருவலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவருடைய கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அவள் அடுத்துச் சொன்னது யாரும் எதிர்பாராதது.

"ஏன்னா, கடையில குடுத்தா அறுத்து எடுத்துட்டுப் புது கிராங்க் போட்டுத் தந்துடுவான் இல்லையோ? நானே ஆட்டோவுல வெச்சுக் கொண்டுபோறேன். நாளைக்கே ஆயிடும்."

"வேண்டாம்."

"ஒரு நாள் வேலைதானே..."

"வேண்டாம்னா வேண்டாம். இந்த டூலை நம்பி எறங்கினதே தப்பு. போறும், விடு."

கடையில் சரியாகும் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அம்மா தன் புடவைத் தலைப்பால் அவர் விரல்களிலிருந்த கிரீஸை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இடது கிராங்கை நான் திரும்ப மாட்டினேன். இருபுறமும் போல்ட்டை இறுக்கினேன். தரையில் கிடந்த கறுப்பு மூடிகளில் ஒன்றை அப்பா எடுத்து, பல் வழிக்கப்பட்ட பள்ளத்தின் வாயில் பொருத்தப் பார்த்தார். அது உருண்டு முற்றத்து வடிகாலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து நானே பொருத்தினேன்.

"நன்னா அமுக்கு," என்றார். "உள்ளே தெரியப்படாது."

சில நாள் கழித்து, புல்லரின் பற்களிலிருந்து அலுமினியத்தைத் தையல் ஊசியால் நெம்பி எடுத்தேன். அடியில் எஃகு அப்படியே இருந்தது. ஒரு பல்லிலும் கீறல் இல்லை. அதை மூன்றாவது ஆணியிலேயே மாட்டிவைத்தேன். சைக்கிள் ரேழியில் நிற்கிறது. வாசலுக்குப் போகும் வழியில் அப்பாவின் கால் ஒட்டிக்கொள்ளும் இடமும் அதுதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு, கால் விடும்வரை நிற்பார்.

எதிர்வீட்டு மாமா போன வாரம் வந்திருந்தார். கடற்கரையில் இப்போதெல்லாம் காண முடிவதில்லையே, சைக்கிள் ஓட்டுவதில்லையா என்று விசாரித்தார்.

"கிராங்க் போயிடுத்து," என்றார் அப்பா. "டூல் மோசம்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம் மாமா," என்றேன். "மலிவு டூல்."